இருவர் மட்டும், கொடைக்கானலுக்கு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்த கையோடு புதுத் தம்பதிகள் போவது விருந்துக்குத்தான். பெரியம்மா வீடு, சின்னம்மா வீடு, மாமா வீடு, அத்தாவின் கூட்டாளி வீடு என்று நாற்பது நாளும் நெய்ச்சோறும் தாளிச்சாவுமாக ஓடிவிடும். மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் சுற்றிலும் பதினைந்து பேர் இருப்பார்கள். 'ஹனிமூன்' என்ற சொல்லைச் சினிமாவில் கேட்டதோடு சரி. அப்புறம் மாப்பிள்ளை வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது, நாற்பத்தைந்து நாள் லீவு. அந்த லீவிலும் மறுபடி விருந்து, கல்யாணம், மௌத்து விசாரிப்பு, ஆஸ்பத்திரி, பத்திர ஆபீஸ்!

என் கதையும் இதேதான். எனக்குக் கல்யாணம் ஆனது 2014ல். கணவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். பிறத்தியாருக்கெல்லாம் குளிர்ச்சி செய்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் மொட்டை மாடி வெயிலில் நிற்கிற உத்தியோகம். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு முழு வருஷம் தேறவில்லை.

தினமும் போனில் பேசத்தான் செய்கிறோம். முகத்தைப் பார்த்தே பேசுகிறோம். ஆனால் கூடத்தில் மாமி இருப்பார்கள், மடியில் சின்னவன் இருப்பான், பெரியவள் போனைப் பிடுங்குவாள். ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா, மாமிக்கு மாத்திரை வாங்கியாச்சா, வீட்டுக் கடன் தவணை போயிடுச்சா. அதற்குள் அவருக்கு வேலைக்கு வண்டி வந்துவிடும். எங்கள் இருவருக்கென்று ஒரு பேச்சு எங்கே இருக்கிறது? நம்மில் எத்தனையோ சகோதரிகள் இப்படித்தான் இருக்கிறோம்.

ஆகவே 2025 ஜனவரியில் அவர் வரப்போகிறார் என்றதுமே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாலே நாலு நாள், இரண்டே பேர். ஊர் கொடைக்கானல். மதுரையில் இருந்துகொண்டு நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற மலையை விட்டுவிட்டு வேறெங்கே போவது? அவருக்குக் குளிர் வேண்டும், எனக்குத் தண்ணீரும் மரமும் வேண்டும். இரண்டும் அங்கே இருக்கின்றன.

என் அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பதிலாக, "ஏண்டி, சாப்பாட்டுக்கு என்ன செய்வே? தொழுகைக்கு இடம்? விடியக்காலம் குளிக்க வெந்நீர்? நாங்க போன தடவை ஊட்டிக்குப் போயிட்டு மூணு நாளும் ரொட்டியும் வாழைப்பழமும் தின்னுட்டு வந்தோம். அதுக்கு முந்தின தடவை அடுப்பு வெச்ச வீடு எடுத்தோம். மச்சான் ஏரியைப் பார்த்தாரு, நான் சட்டியைப் பார்த்தேன்" என்றாள்.

அவள் சொன்னது என் மனத்தில் தைத்தது. ஹலாலாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெண் மூன்று வேளையும் சமைத்துக்கொண்டிருந்தால், அது ஆண்பிள்ளைக்கு மட்டும்தான் சுற்றுலா. அதற்காக எதையும் பாராமல் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடவும் எங்களால் முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்க வேண்டுமே என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாள் பார்ப்பதில் இருந்து ஆரம்பித்தேன். ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலில் கால் வைக்க இடமிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பிப்ரவரியில் பகல் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி நடுக்கும். அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை என்றால் கூட்டம் குறைவு. ரமலானுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. இன்னொரு கணக்கையும் பார்த்துக்கொண்டேன். அதைச் சொல்லவும் வெட்கப்பட வேண்டியதில்லை. மாதவிலக்கு நாட்கள் குறுக்கே வராதபடி தேதியைத்தான் நகர்த்த வேண்டும். தேதியைக் காப்பாற்றுவதற்காக டாக்டரைக் கேட்காமல் தள்ளிப்போடும் மாத்திரை விழுங்கக் கூடாது.

அடுத்தது மாமி. அதுதான் மலையை விடப் பெரிய ஏற்றம். பிள்ளைகளை விட்டுவிட்டுப் புருஷனோடு தனியாகப் போகிறேன் என்று எப்படி வாய் திறப்பது? ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னேன். மாமி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் உங்க மாமாவும் ஒரே ஒரு தடவை வெளியூர் போனோம் தாயி. நாகூருக்கு. வேன்ல பதினெட்டு பேரு. திரும்பி வர்ற வரைக்கும் அவரு எந்த சீட்ல இருந்தாருன்னே எனக்குத் தெரியல" என்றார்கள். பிறகு, "பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன். உன் அக்காவை ராத்திரிக்கு மட்டும் வந்து படுத்துக்கச் சொல்லு" என்றார்கள். அவ்வளவுதான். மறுநாள் பரணில் இருந்து மாமாவின் பழைய கம்பளிச் சால்வையை எடுத்து வெயிலில் காய வைத்திருந்தார்கள்.

தங்கும் இடத்துக்காக மொத்தம் ஏழு இடங்களுக்குப் போன் செய்தேன். "ஹலாலா?" என்று ஒற்றை வார்த்தையில் கேட்பதில் பிரயோஜனமே இல்லை என்பது முதல் போனிலேயே தெரிந்துவிட்டது. "எல்லாம் ஹலால்தாம்மா, நம்ம ஹோட்டலுக்கு பாய்ங்க நிறைய வருவாங்க" என்றார் ஒருவர். கறி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். மார்க்கெட்டில் என்றார். அறுப்பது யார் என்றேன். மறுமுனையில் பேச்சில்லை. ஆகவே சில்லறையாகத்தான் கேட்க வேண்டும். கறியை எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்? சைவம் பொரிக்கிற எண்ணெய்யும் கறி பொரிக்கிற எண்ணெய்யும் ஒன்றா, வேறா? வளாகத்தில் பார் உண்டா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? அறைக்கு முன்னால் நாலு பேர் நடக்கிற வராந்தாவா, திரை உண்டா? சாப்பாடு கொண்டுவருகிறவர் கதவைத் தட்டிவிட்டு வெளியே வைத்துவிட்டுப் போவாரா?

வெந்நீர் விஷயத்தில் விடவே கூடாது. பல இடங்களில் "காலை ஆறு முதல் எட்டு வரை" என்பார்கள். சுபுஹுத் தொழுகை அதற்கு முன்பே. தம்பதிகளாகப் போகிறவர்களுக்குத் தொழுகைக்கு முன் தலையோடு குளிப்பது கடமையாகிவிடும் வேளைகள் உண்டு. பிப்ரவரி மாதத்து விடியலில், 2100 மீட்டர் உயரத்தில், பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் காதலும் போய்விடும், காய்ச்சலும் வந்துவிடும். அறைக்கென்று தனியாக கீசர் இருக்கிறதா, மின்சாரம் போனால் அடுப்பில் சுட வைத்துத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓரிடத்தில், "குளிருக்கு ரூமுக்குள்ளேயே கரி அடுப்பு வெச்சுத் தர்றோம்மா" என்று ஆசை காட்டினார்கள். அந்த இடத்தை அப்பொழுதே அடித்துவிட்டேன். கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள். குளிருக்குக் கம்பளியும் வெந்நீர் ரப்பர் பையும் போதும்.

ஏழாவது போனை எடுத்தது ஒரு வயதான அம்மா. சொந்த வீட்டின் பக்கத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவர். நான் கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க கிறிஸ்தவங்க. எங்க வீட்ல பன்றிக்கறி சமைக்கிறது உண்டு, அதை மறைக்க மாட்டேன். நீங்க வர்ற நாலு நாளும் அது வேண்டாம்னு வெச்சுக்கிறேன். உங்களுக்குச் சைவமும் முட்டையும் மட்டும் செய்து தர்றேன், அதுக்குன்னு புதுசா ரெண்டு சட்டி வாங்கிடறேன். சம்மதமா?" என்றார். 'எல்லாம் ஹலால்தான்' என்று அடித்துச் சொன்னவரை விட, உள்ளதை உள்ளபடி சொன்ன இந்த அம்மாவிடம்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அறையில் கீசர் உண்டு, டீ போட்டுக்கொள்ள மின்சாரக் கெட்டில் உண்டு, அடுப்பு கிடையாது. "அடுப்பு இல்லையேன்னு யோசிக்கிறீங்களா?" என்று கேட்டார். "அதுக்காகத்தாம்மா உங்க வீடு" என்றேன்.

சாப்பாட்டை இப்படி அமைத்துக்கொண்டேன். காலையும் ராத்திரியும் அந்த அம்மாவின் இட்லி, சப்பாத்தி, காய்கறி. மதியம் ஒருவேளை வெளியே. மீனுக்கு அறுப்புத் தேவையில்லை, முட்டைக்கும் இல்லை. ஆகவே கைக்காவலுக்கு எங்கள் தெருவில் இருக்கும் கீழக்கரைக்கார அக்கா ஒரு பாட்டில் மாசிச் சம்பல் கொடுத்தார்கள். ரொட்டிக்குள் வைத்தாலும் ருசி, சோற்றுக்கும் ருசி. கறி வேண்டும் என்றால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஊருக்குள் கடைத்தெருப் பக்கம் பள்ளிவாசல் இருக்கிறது. லுஹர் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களைக் கேட்டால் எந்தக் கடையில் தைரியமாகச் சாப்பிடலாம் என்று சொல்லிவிடுவார்கள். என் கணவர் முதல் நாளே கேட்டுவிட்டு வந்தார். அந்தச் சின்னக் கடையின் ஆட்டுக்கால் சூப்புக்கு இன்னொரு தடவை மலை ஏறலாம்.

பெட்டியில் என்ன வைப்பது? ஸ்வெட்டர், சால்வை உங்களுக்கே தெரியும். தேங்காயெண்ணெய் அங்கே பாட்டிலுக்குள் கல்லாகிவிடும், அதனால் அகன்ற வாய் டப்பாவில் எடுத்துக்கொண்டேன். காற்று வறட்சிக்கு உதடு, கைகளுக்குப் பூச வாஸலின். ஒளுச் செய்வதற்கு வசதியாக இரண்டு ஜோடித் தோல் காலுறைகள். முழு ஒளுவோடு அவற்றைப் போட்டுக்கொண்டால், அப்புறம் ஒவ்வொரு ஒளுவுக்கும் காலைக் கழுவ வேண்டாம். ஈரக் கையால் மேலே தடவினால் போதும். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல், ஓர் இரவு. பயணிக்கு மூன்று பகல், மூன்று இரவு இந்தச் சலுகை. சாதாரண நூல் காலுறைக்கு இது கிடையாது என்பார்கள் எங்கள் ஆலிம்கள். தொழுகை விரிப்பு, ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் (மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கெடுபிடி அதிகம்), இருவரின் ஆதார் அட்டை, வளைவுகளில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழம். ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த உயரத்துக்குப் புறப்படுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போவதானால் 2024 மே மாதம் முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. போகுமுன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாங்கள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இவர் ஜன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டிக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி. "இந்தக் காத்துக்கு என்ன டன் ஏ.சி. போடணும் தெரியுமா?" என்றார். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வெள்ளி அருவி வந்தது. கொடைக்கானல் ஏரியின் உபரித் தண்ணீர்தான் அங்கே அருவியாகக் கொட்டுகிறது.

தொழுகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மார்க்கம் பயணிக்குச் சுமையைக் குறைத்தே வைத்திருக்கிறது. லுஹர், அஸர், இஷா மூன்றிலும் நாலு ரக்அத் இரண்டாகிவிடும். சுபுஹும் மஃரிபும் அப்படியே. எங்கள் ஹனஃபி முறையில் ஏறக்குறைய 78 கிலோமீட்டரைத் தாண்டிப் போய், பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கினால் இப்படிச் சுருக்க வேண்டும். மதுரையில் இருந்து வருகிற எங்களுக்கு இது உண்டு, வத்தலக்குண்டில் இருந்து வருகிறவருக்கு இல்லை! கீழக்கரை அக்கா ஷாஃபி முறைக்காரர். அவர்கள் பயணத்தில் லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்தே தொழுதுகொள்வார்கள். நாங்கள் சேர்ப்பதில்லை, அந்தந்த நேரத்தில்தான். அதனால் சுபுஹு முடிந்து பன்னிரண்டு மணி வரை ஒரு சுற்று, லுஹருக்கு அறைக்குத் திரும்புதல், மறுபடி ஒரு சுற்று, மஃரிபுக்குள் அறை என்று நாள் தானாகவே வகுத்துக்கொண்டது. மஃரிபு ஆறரை மணியளவில். இருட்டியபின் அந்தக் குளிரில் வெளியே பார்ப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

வளைந்து வளைந்து மலை ஏறியதில் திசையே குழம்பிவிடும். கிப்லா மேற்கே என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கொடைக்கானலில் இருந்து பார்த்தால் நேர் மேற்கில் இருந்து வடக்கே சுமார் 22 பாகை சாய்ந்திருக்கிறது. போய்ச் சேர்ந்த அன்றே சூரியன் விழுகிற பக்கத்தைப் பார்த்து விரிப்பைச் சரியாகப் போட்டு வைத்துவிட்டோம். அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு துண்டைப் போட்டு மூடினேன். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பார்த்த இடங்களை எல்லாம் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். தூண் பாறை, 1908ல் அமைத்த பிரையன்ட் பூங்கா, எல்லோரும் போகிற இடங்கள்தான். எனக்குப் பிடித்தது கோக்கர்ஸ் வாக். 1872ல் கோக்கர் என்ற வெள்ளைக்கார அதிகாரி மலை விளிம்பை ஒட்டிப் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை. மதுரைத் தெருவில் இவர் எப்போதும் எனக்கு மூன்றடி முன்னால் நடப்பார். அங்கேயும் பழக்கதோஷத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பிற்பகலில் பள்ளத்தாக்கில் இருந்து பஞ்சு மாதிரி மூடுபனி ஏறி வந்து பாதையையே மறைத்துவிட்டது. எதிரே இருந்தவர் காணவில்லை. நான் நின்றுவிட்டேன். பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. பனி விலகின பிறகும் விடவில்லை. பர்தாவோடு போகிற எங்களை யாராவது பார்த்திருப்பார்களோ என்னவோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாக்லெட் வாங்காமல் அந்த ஊரை விட்டு வர முடியாது. இதில் ஒரு சூட்சுமம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் மிருகக் கொழுப்போ, எலும்பு தோலில் இருந்து எடுக்கிற ஜெலட்டினோ இல்லை என்று நம்பலாம். பாலாடைக்கட்டி என்றால் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கிற உறை சேரவில்லை என்று அர்த்தம். ஆனால் பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி ஒன்றும் சொல்லாது! ரம் ஊறிய திராட்சை வைத்த சாக்லெட்டுக்கும் பச்சைப் புள்ளி இருக்கலாம். பெட்டியில்லாமல் கண்ணாடி ஜாடியில் இருந்து நிறுத்துத் தருகிற கடைகளில் வாய் விட்டுக் கேட்டுவிடுவதே நல்லது. பாதாம், முந்திரி, காய்ந்த அத்தி வைத்ததாகப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வாங்கினேன்.

முதல் இரண்டு நாளும் நாங்கள் என்ன பேசினோம் தெரியுமா? ஸ்கூல் ஃபீஸ், மாமியின் மாத்திரை, வீட்டுக் கடன்! போனில் பேசுகிற அதே பேச்சு. வாய்க்கு அந்தத் தடம்தான் பழகியிருக்கிறது. பேச்சு தீர்ந்தால் ஆளுக்கொரு பக்கம் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குள் ஒரு பயம். இவ்வளவு பாடுபட்டு இரண்டு பேரும் வந்திருக்கிறோம், நமக்கு நடுவே பேச ஒன்றுமே இல்லையோ?

மூன்றாம் நாள் பிற்பகல் ஏரிக்குப் போனோம். 1863ல் மதுரைக் கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் என்ற துரை கரை கட்டி உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திரம் போல ஐந்தாறு கை நீட்டிக் கிடக்கிறது. படகோட்டியோடு போகிற படகை விட்டுவிட்டு, இரண்டு பேர் மிதிக்கிற பெடல் படகாக எடுத்தேன். நடுவில் மூன்றாம் மனிதர் வேண்டாமே. புர்காவின் ஓரத்தை மட்டும் பெடலில் மாட்டாமல் முடிந்துகொள்ள வேண்டும்.

ஏரியின் ஒரு கைக்குள் திரும்பினதும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. இவர் மிதிப்பதை நிறுத்தினார். "இப்படிச் சத்தமில்லாத இடத்துல நான் இருந்ததே இல்ல. அங்கே தூக்கத்துலகூட மெஷின் சத்தம்தான்" என்றார். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "ஏணி ஏறினா இந்தக் கால் பிடிச்சுக்குது. ஒரு வருஷமாச்சு" என்றார்.

ஒரு வருஷம்! தினமும் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன், இது எனக்குத் தெரியாது. போனில் முகம்தானே தெரியும், முழங்கால் தெரியுமா? அந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையில் இருந்து மூன்று மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் மொட்டை மாடிதான். 2026ல் ஒப்பந்தம் முடிகிறதாம், புதுப்பிக்கிற காகிதம் இரண்டு மாதமாகக் கைப்பெட்டியில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறதாம். "அம்மா முன்னால எப்படிச் சொல்றது? வீட்டுக் கடன் 2027 வரைக்கும் இருக்கு. வந்துட்டா என்ன செய்வேன்னு நீ பயப்படுவியேன்னு சொல்லல."

"நீங்க வர விரும்பலையோன்னுதான் நான் பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். அது நிஜம். பதினோரு வருஷமாக ஒரு தடவைகூட 'வந்துடறேன்' என்று அவர் வாயில் இருந்து வந்ததில்லை. வந்தால் எனக்கும் பழக வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன். பத்திர ஆபீஸும் பாங்கும் ஸ்கூலும் நானே தனியாக ஓடிப் பழகிவிட்டேன். திடீரென்று ஒருவர் பக்கத்தில் நின்று 'எங்கே போறே' என்று கேட்டால் எனக்குக் கோபம் வரலாம். அவர் சிரித்துவிட்டார்.

கரையில் யாரோ குறிஞ்சியைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இந்த மலையில் பூக்கும் நீலக்குறிஞ்சி, 2018ல் பூத்தது. அப்போது சின்னவன் பிறக்கவில்லை, இவர் ஷார்ஜாவில் இருந்தார். அடுத்தது 2030. "அதுக்காவது இருப்பீங்களா?" என்று கேட்டேன். பதில் சொல்வதற்குள் கரையில் விசில் ஊதிவிட்டார்கள், அரைமணி முடிந்துவிட்டதாம். இவர் படகைத் திருப்பிக் கொண்டுபோய், இன்னொரு அரைமணிக்குப் பணம் கட்டிவிட்டு மறுபடி அந்தக் கைக்குள்ளேயே மிதித்துக்கொண்டு வந்தார். என் கணவர் ஒன்றுக்கு இரண்டாகப் பணம் கொடுத்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அன்றைக்கு மஃரிபு அறையில் தொழுதோம். ஊரில் இருக்கும்போது அவர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார், நான் அடுப்படிக்கும் அறைக்கும் நடுவில் அவசரமாகத் தொழுதுகொள்வேன். இந்த நாலு நாளும் அவர் முன்னால் நிற்க, நான் பின்னால் நின்றேன். மஃரிபில் வாய்விட்டு ஓதுவது வழக்கம். என் கணவரின் குரலில் ஓதலை அவ்வளவு பக்கத்தில், குறுக்கே குக்கர் விசில் இல்லாமல், நான் அதுவரை கேட்டதே கிடையாது. தொழுது முடித்து இரண்டு பேரும் அந்தச் சின்ன விரிப்பிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கெட்டிலில் டீ போட்டது அவர்தான். சர்க்கரை ஜாஸ்தி. குடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை இறங்கும்போது அந்த அம்மா புதுச் சட்டிகள் இரண்டையும் காட்டி, "இது உங்க ஆளுங்களுக்குன்னே தனியா எடுத்து வெச்சுடறேன், யாராவது இருந்தா அனுப்புங்க" என்றார். மாமிக்கு மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டோம். மாமி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மட்டும்தான் வாங்கினீங்களா?" என்று கேட்டார்கள். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

நோன்பு பிறந்து ஒரு வாரத்தில் இவர் விமானம் ஏறினார். காகிதத்தில் ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு மதுரையிலேயே ஃபிரிட்ஜ், ஏ.சி. பழுது பார்க்கிற கடை போடலாமா என்று யோசனை. கடன் எப்படித் தீரும் என்று இன்னும் கணக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கடை காலியாக இருக்கிறது, அட்வான்ஸ் எவ்வளவு என்று விசாரிக்கச் சொன்னார். போய்க் கேட்டேன். கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்கிறார்கள்.